அடிபடாத சுண்டெலி மூளையிலும் நீலம் கசிகிறது, எங்கே தப்பு?

மூளைக் காயத்தில் ரத்த-மூளைத் தடுப்பு (ரத்தத்தில் உள்ளவை மூளைக்குள் கசியாமல் காக்கும் ரத்தக்குழாய்ச் சுவர்) எவ்வளவு உடைகிறது என்று, அது உடைந்த இடத்தில் மூளைக்குள் கசியும் ஈவான்ஸ் புளூ என்ற நீலச் சாயம் ஏற்றிப் பார்க்கிறேன். மண்டையோட்டைத் திறந்து, அடிக்காமல் விட்ட ஷாம் (ஒப்பீட்டுக்கான) சுண்டெலிகளிலும் துளைக்கு நேர் கீழே நீலம். மூன்று மாதமாக இதே கதை.

சி57 பிளாக் 6 என்ற ஆய்வக இன ஆண் சுண்டெலி. அறுவைக்கு 24 மணி நேரம் கழித்து 2% சாயம், கிலோவுக்கு 4 மி.லி., வால் சிரையில். ஒரு மணி நேரத்தில் உப்புநீரால் ரத்தத்தைக் கழுவி, மூளையை, சாயத்தைப் பிரித்தெடுக்கும் ஃபார்மமைடு திரவத்தில் ஊறவைத்து, 620 நானோமீட்டர் ஒளியில் சாயத்தின் அளவு.

கழுவும் நேரத்தை இரட்டிப்பாக்கினேன், சாயத்தைப் புதிதாகக் கலந்து வடிகட்டினேன், அப்புறம் டிரில் சூடுதான் காரணமோ என்று குளிர்ந்த உப்புநீர் விட்டு நிறுத்தி நிறுத்தி ஓட்டியதில் கொஞ்சம் குறைந்தது, முழுதாகப் போகவில்லை. எதிர்ப்பக்க மூளை சுத்தம், அதனால் கழுவலில் குறை இருப்பதாகத் தோன்றவில்லை.

தடுப்பைக் கெடுக்காமல் மண்டையோட்டைத் திறக்க நீங்கள் என்ன செய்கிறீர்கள்?