மறு: டிபென்டென்சி இன்ஜெக்‌ஷன் – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்,

ஒரு கிளாஸ் தனக்கு வேண்டிய பொருளைத் தானே உருவாக்காமல் வெளியிலிருந்து பெற்றுக்கொள்வதைத்தான் நிரல் எழுதுவோர் இப்படி அழைக்கிறார்கள். அதற்கான தமிழ்ச் சொல்லுக்கு நீங்கள் அனுப்பியவற்றுக்கு என் பதில்கள்:

> சார்பு உட்செலுத்தல் என்றே வைத்துக்கொள்ளலாம், நேரான சொல்தானே.

நேரான சொல்தான் ஐயா, ஆனால் இரண்டு பாதியிலும் சிக்கல் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் ‘உறவுகளும் சார்புகளும்’ படித்துவிட்டு வரும் பிள்ளைக்குச் சார்பு என்றால் ஃபங்ஷன். உட்செலுத்தலைத் தரவுத்தளத் தாக்குதலான எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷனுக்கே விட்டுவிடலாம், அங்கேதான் வேண்டாததை ஒருவன் உள்ளே திணிக்கிறான். இங்கே நடப்பது, கிளாஸ் கேட்டதைக் கொண்டுவந்து சேர்ப்பது. ஆங்கிலப் பெயரும் வானத்திலிருந்து விழவில்லை, பலரோடு பேசித்தான் முடிவு செய்தோம் என்று மென்பொருள் எழுத்தாளர் மார்ட்டின் ஃபவுலரே 2004-இல் எழுதியிருக்கிறார்.

> தேவையூட்டல்?

காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் நினைவூட்டல், ஆர்வமூட்டல் வரிசையில் வைத்தால் ‘தேவையை உண்டாக்குதல்’ என்றாகிவிடும், அது விளம்பரக் கம்பெனி வேலை.

சொல்லைத் தனியாக வைத்துப் பார்க்காமல் பிழைச்செய்திக்குள் போட்டுப் பார்க்கலாமே. வலைச்செயலி எழுத உதவும் ஆங்குலரில், பதிப்பு 20 வரை, எல்லோரும் ஒருமுறையாவது முட்டிக்கொண்டது ‘நோ புரொவைடர் ஃபார் எச்டிடிபிகிளையன்ட்’, அதாவது பிழை எண் என்ஜி0201 (எச்டிடிபிகிளையன்ட் என்பது சர்வரோடு பேசும் பொருள்). இதை ‘வழங்கி இல்லை’ என்று எழுதினால் படிப்பவர் சர்வர் படுத்துவிட்டது என்று நினைத்து பேக்எண்ட் ஆளைக் கூப்பிடுவார், ஏனென்றால் வழங்கியை நாம் ஏற்கெனவே சர்வருக்குக் கொடுத்தாயிற்று. உண்மையில் புரொவைடர் என்பது ஓர் ஆளே இல்லை, இந்தப் பொருளை எப்படி உருவாக்குவது என்ற குறிப்பு. அதனால் ‘எச்டிடிபிகிளையன்ட்டுக்கு ஆக்கக்குறிப்பு இல்லை’ என்றால் செய்ய வேண்டியது அதிலேயே வந்துவிடுகிறது: பதிப்பு 20 வரை ஆப்.கான்ஃபிக்.டிஎஸ் கோப்பில் புரொவைட்எச்டிடிபிகிளையன்ட்() சேர்க்க வேண்டும் (பதிப்பு 15-க்கு முன்பு எச்டிடிபிகிளையன்ட்மாட்யூலை இம்போர்ட் செய்வோம், 21 முதல் தானாகவே கிடைத்துவிடும்). நம்முடைய சொந்த சர்வீஸ் (பல இடங்களில் பயன்படும் கிளாஸ்) என்றால் பெரும்பாலும் அதைச் செயலி முழுதுக்கும் கிடைக்கச் செய்யும் புரொவைடட்இன்: 'ரூட்' விட்டுப்போயிருக்கும்.

அதே செய்தியில் வரும் சங்கிலியையும் பாருங்கள்:

[யூசர்சர்வீஸ் -> எச்டிடிபிகிளையன்ட் -> எச்டிடிபிகிளையன்ட்]

இடது ஓரத்தில் இருப்பது கேட்டவர், வலது ஓரத்தில் கிடைக்காத பொருள். ஒரே பெயர் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று புதியவர்கள் குழம்புவார்கள். பொருளைக் கொண்டுவந்து சேர்க்கும் இன்ஜெக்டர் தன்னிடம் இல்லாததை மேலே இருப்பவரிடம் கேட்கிறது, அவர் இன்னும் மேலே, கடைசியில் எதுவுமே வைத்திராத நல்இன்ஜெக்டர் கையை விரித்துவிடுகிறது. இன்ஜெக்டர் ‘சேர்ப்பி’ என்றால் அது ‘வெறுஞ்சேர்ப்பி’, பெயரே கதையைச் சொல்லிவிடும்.

ஆக, என் பரிந்துரை தேவை சேர்ப்பு, சேர்ப்பி, ஆக்கக்குறிப்பு. பிழை எண் என்ஜி0200-க்கு ‘சுற்றுத்தேவை’, இரண்டு சர்வீஸ்கள் ஒன்றையொன்று கேட்டு நிற்பது. இதற்கு ஃபார்வர்ட்ரெஃப் (பின்னால் வரும் கிளாஸை முன்கூட்டியே குறிப்பிடும் வழி) போட்டுப் பார்த்து நேரத்தை வீணாக்குகிறவர்கள் அதிகம், பொதுவான பகுதியை மூன்றாவது சர்வீஸாகப் பிரித்தால் பெரும்பாலும் தீரும்.

> ‘தேவை’ ரெக்வயர்மென்ட்டுக்குப் போய்விட்டதே?

போயிருக்கிறதுதான். ஆனால் திட்ட ஆவணத்தில் வரும் தேவையையும் கிளாஸின் பொருளை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டரில் வரும் தேவையையும் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

மிச்சம் இருப்பது என்ஜி0203. நேரம் கழித்து ஓடும் நிரலிலோ (செட்டைம்அவுட்), காத்திருந்து தொடரும் நிரலிலோ (அவெயிட்டுக்குப் பிறகு), பொருளைக் கேட்கும் இன்ஜெக்ட்() அழைத்தால் வருவது. இன்ஜெக்‌ஷன் கான்டெக்ஸ்ட்டுக்கு ‘சேர்ப்புச் சூழல்’ எனக்கே திருப்தியாக இல்லை, இன்ஜெக்ட்() அழைக்க அனுமதி உள்ள கட்டம்தான் அது, கான்டெக்ஸ்ட் இங்கே இடத்தைவிட நேரத்தைத்தான் குறிக்கிறது. வேறு சொல் தோன்றினால் தனியாக அனுப்பாமல் முழுப் பிழைச்செய்தியாகவே எழுதி அனுப்புங்கள்.