நாகசாகிக்கு அவசியம் இருந்ததா? மூணு நாள் கணக்கு யாருடையது?

தூரதர்சி:
ஹிரோஷிமா சரியா தப்பா என்று இங்கே போதுமான அளவு மல்லுக்கட்டியாச்சு. என் கேள்வி நாகசாகி மட்டும். 1945 ஆகஸ்ட் 6 காலை 8.15-க்கு ஒரு குண்டு, 9-ஆம் தேதி 11.02-க்கு அடுத்தது. ஜப்பான் யோசிக்க மூணு நாள் போதும்னு யார் முடிவு செஞ்சது? அமெரிக்க அதிபர் ட்ரூமனா?

ஆந்தை67:
யாருமே முடிவு செய்யவில்லை, கொடுமையே அதுதான். ஜூலை 25-ஆம் தேதி உத்தரவு ஒன்றுதான்: ஆகஸ்ட் 3 வாக்கில் தொடங்கி, வானிலை பார்த்து முதல் குண்டு, மற்றவை தயாராகத் தயாராக. பட்டியலில் ஹிரோஷிமா, கொக்குரா, நீகாதா, நாகசாகி. இரண்டாவதற்குத் தனி உத்தரவே கிடையாது. 11-ஆம் தேதிக்கு வைத்திருந்ததை, வானிலை கெடும் என்று 9-க்கு இழுத்தார்கள். ஜப்பானின் பதிலைப் பார்த்து அல்ல, மேகத்தைப் பார்த்து நாள் குறித்தார்கள்.

அன்றைய இலக்கும் கொக்குராதான். மூன்று முறை சுற்றியும் புகைமூட்டத்தில் குறி தெரியவில்லை. பம்ப் வேலை செய்யாததால் விமானத்தில் 600 கேலன் எரிபொருள் இருந்தும் எடுக்க முடியாத நிலை. விமானத்தை நாகசாகி பக்கம் திருப்பினார்கள். குண்டு குறி தவறி, சுமார் 3 கிலோமீட்டர் தள்ளி உராகாமி பள்ளத்தாக்கில் வெடித்தது. இடையிலிருந்த குன்றுகளால் நகரின் மறுபக்கம் ஓரளவு தப்பியது. தன்னைக் கேட்காமல் இனிப் போடக்கூடாது என்று ட்ரூமன் சொன்னது 10-ஆம் தேதிதான்.

கறுப்புப்பலகை:
உத்தரவு விஷயம் சரி. ஆனால் ஹிரோஷிமாவே போதும் என்பவர்கள் ஒன்றுக்குப் பதில் சொல்லணும். 9-ஆம் தேதி காலை டோக்கியோவில் ஆறு பேர் போர்க்குழு கூடியது. பேரரசர் பதவி தப்பினால் சரணடையலாம் என்று மூவர். ஆக்கிரமிப்பு கூடாது, ஆயுதத்தை நாங்களே களைவோம், போர்க்குற்ற விசாரணையும் எங்களுடையதே என்று மேலும் மூன்று நிபந்தனையோடு மற்ற மூவர். கூட்டத்தின் நடுவில் நாகசாகி செய்தி வந்தது. அப்புறமும் மூணுக்கு மூணுதான்! நள்ளிரவுக்குப் பின் பேரரசரே முடிவு சொல்ல வேண்டியதாயிற்று.

ஆந்தை67:
அது உங்கள் கட்சிக்கும் எதிராகத்தானே சார் போகுது? ஒரு வாக்கையும் மாற்றாத குண்டு எதற்கு? அன்று அதிகாலையே சோவியத் படை ஜப்பான் பிடியிலிருந்த மஞ்சூரியாவுக்குள் புகுந்துவிட்டது. மாஸ்கோ நடுவில் நின்று சமரசம் பேசும் என்ற ஜப்பானின் நம்பிக்கை அதோடு போச்சு.

தூரதர்சி:
ஹிரோஷிமாவில் விழுந்தது அணுகுண்டுதான்னு ஜப்பான் ராணுவத்துக்கு எப்போ உறுதியாச்சு?

கறுப்புப்பலகை:
இயற்பியலாளர் நிஷினா 8-ஆம் தேதிதான் அங்கே போய்ச் சேர்ந்தார். செஞ்சிலுவை மருத்துவமனையில் பிரிக்காமல் வைத்திருந்த எக்ஸ்ரே ஃபிலிம்கள் கதிர்பட்டுக் கறுத்திருந்தன. ராணுவமும் கடற்படையும் ஹிரோஷிமாவில் கூடி, அணுகுண்டுதான் என்று தீர்மானித்தது 10-ஆம் தேதி.