தலைசிறந்த டிரம்மர் யார்? கேட்டவர்களும் வாசித்தவர்களும் சொல்லுங்கள்

இந்தப் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஜாஸ் டிரம்மர் பட்டி ரிச், லெட் செப்பலினின் ஜான் பான்ஹாம், ரஷ் குழுவின் நீல் பியர்ட் என்ற மூன்று பெயர்களில் வந்து நின்றுவிடுகிறது. யாருக்கு வேகம் அதிகம், யாருடைய டிரம் கிட் பெரியது என்று அடித்துக்கொள்வதை விடுங்கள். கேட்கும்போதோ வாசிக்க முயலும்போதோ யார் உங்களை உலுக்கினார்கள் என்று எழுதுங்கள். முதலில் என்னுடையது.

என் ஓட்டு பான்ஹாமுக்கு. அவர் வாசித்த நீளமான தனி வாசிப்புகளுக்காக இல்லை, அவருடைய வலது காலுக்காக. 1969இல் வந்த லெட் செப்பலினின் முதல் ஆல்பம் 'குட் டைம்ஸ் பேட் டைம்ஸ்' பாட்டோடு தொடங்கும். காலால் பெடலை மிதித்து அடிக்கும் பேஸ் டிரம்மில் அடிகள் கொத்துக் கொத்தாக விழும். இரண்டு பெடல் வைத்திருக்கிறார் என்றுதான் தோன்றும். ஒரே பெடல், ஒரே கால்! அதைப் பாதி வேகத்தில் மெட்ரோனோம் என்ற தாளக் கருவி வைத்துப் பழக ஆரம்பித்தேன். மும்மூன்றாகப் பிரியும் துடிப்பில் முதல் அடியைக் கால் விட்டுவிட்டு அடுத்த இரண்டை அடிக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் கெண்டைக்கால் எரியத் தொடங்கிவிடும். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், கால் அவசரப்பட்டதும் கையும் சேர்ந்து ஓடுகிறது பாருங்கள், அதுதான் சிக்கல். பான்ஹாமின் கை அந்தக் கலவரம் எதுவும் தெரியாமல் நிதானமாகப் போகும். வேகத்தைப் பழக்கத்தில் பிடித்துவிடலாம். அந்த நிதானம் எனக்கு இன்னும் கைவரவில்லை.

அப்புறம், 1971இல் வந்த அவர்களுடைய 'வென் தி லெவி பிரேக்ஸ்' பாட்டு. ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டின் மாடிப்படிக் கூடத்தில் கிட்டை வைத்து, மேலே படிக்கட்டிலிருந்து மைக்குகளைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள். வித்தை என்று காட்ட அதில் ஒன்றுமே இல்லை. ஆனால் ஸ்னேர் என்ற, கூர்மையாக ஒலிக்கும் டிரம்மில் அடி விழுவதற்கு முன் அவர் விடுகிற இடைவெளி இருக்கிறதே, அதில் காலப்பிரமாணம் இம்மியும் நழுவாது. குழுவில் வாசித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். டிரம்மர் அப்படி ஊன்றி நின்றால்தான் கிதார்காரரும் பாடகரும் தைரியமாகத் தாளத்தை விட்டு விலகிப் போய்த் திரும்பி வர முடியும். 32 வயதில், 1980இல், போய்விட்டார். இன்னும் மனசு ஆறவில்லை.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பட்டி ரிச் பக்தர். ரிச் இசைக்குறிப்பு படிக்கத் தெரியாத மனிதர், புதுப் பாட்டை வேறொரு டிரம்மர் வாசிக்கக் கேட்டே மனதில் வாங்கிக்கொள்வார் என்று கண் கலங்கச் சொல்வார். ரிச்சின் கைகளுக்கு ஈடு இல்லை, ஒப்புக்கொள்கிறேன். பியர்ட் மேல் எனக்கு இருக்கும் மரியாதை வேறு மாதிரி: உலகப் புகழ் வந்த பிறகும் 1990களில் டிரம் ஆசிரியர் ஃப்ரெடி க்ரூபரிடம் மாணவனாகப் போய் உட்கார்ந்து, குச்சி பிடிப்பதிலிருந்து மறுபடி கற்றுக்கொண்டவர்.

மறுமொழி

பீட்டில்ஸ் டிரம்மர் ரிங்கோவை யாரும் சொல்லமாட்டீர்கள் என்று தெரியும், அதனால் நான் சொல்கிறேன். எங்கள் குழுவில் பீட்டில்ஸின் 'கம் டுகெதர்' எடுத்துக்கொண்டோம். சுலபம் என்று நினைத்துத்தான் எடுத்தோம். அதில் டாம் டிரம்களில் வரும் அந்த உருட்டலை அதே வரிசையில் வாசித்தாலும் அந்த நடை வரவே இல்லை. அவர் இடக்கைக்காரர், வலக்கைக்காரருக்கு அமைத்த கிட்டில் வாசித்தவர். இடது கையால் தொடங்கிப் பார்த்தபோதுதான் அந்த இழுவை கொஞ்சமாவது எட்டியது.

மறுமொழி

பான்ஹாம் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் என் முதலிடம் கிளைட் ஸ்டபிள்ஃபீல்டுக்குத்தான். ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்', 1970. பாட்டின் நடுவே மற்ற எல்லோரும் நிற்பார்கள், அவர் மட்டும் தொடர்வார். தனி வாசிப்பு எதுவும் வேண்டாம், இப்போது வாசிப்பதையே வாசி என்று பிரவுன் முன்கூட்டியே சொல்லிவிடுவது பதிவிலேயே கேட்கும். அந்தச் சில நொடிகளை எடுத்துத்தான் எத்தனையோ ஹிப் ஹாப் பாடல்கள் கட்டப்பட்டன. பாட்டாசிரியர் இடத்தில் அவர் பெயர் இல்லாததால் அதில் அவருக்கு உரிமைத்தொகை வரவில்லை. இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு ஆறாத கோபம்.

அவருடைய இடது கையைக் கவனியுங்கள். பலமான அடிகளுக்கு நடுவில் ஸ்னேரை வருடிவிட்டுப் போகும் சின்னச் சின்ன அடிகள், கோஸ்ட் நோட் என்போமே, அவைதான் அந்தத் தாளத்தின் உயிர். குச்சியைத் தோலிலிருந்து ஒரு விரல் உயரத்துக்கு மேல் தூக்கக் கூடாது. அடுத்த அடியே முழு பலத்தில் விழ வேண்டும். இரண்டையும் ஒரே கை செய்கிறது! பதிவில் அந்தச் சின்ன அடிகளை மட்டும் குறைத்துக் கேட்டேன், ஆடத் தோன்றவே இல்லை.

மறுமொழி

முதல் பதிவு எழுதியவன்தான். ஸ்டபிள்ஃபீல்டுக்கு எதிராக என்னிடம் வாதம் இல்லை. ஆனால் கோஸ்ட் நோட் என்று வந்துவிட்டால் டிரம்மர் பெர்னார்ட் பர்டியை விட்டுவிட்டுப் பேச முடியாது. டோட்டோ குழுவின் 'ரொசானா'வில் ஜெஃப் போர்காரோ வாசித்த ஷஃபிள் என்ற ஊசலாடும் தாளத்துக்கு வேர் அவரிடம்தான். அதே ஷஃபிளில் பான்ஹாமின் சாயலும் இருக்கிறது. பர்டியை நேரில் கேட்டவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்களேன்.