நெல்லை அறிவியல் மையம்: நடமாடும் கண்காட்சிப் பேருந்தை வரவழைத்தவர்கள் உண்டா?

வணக்கம். நாங்குநேரி பக்கம் ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் டீச்சர் நான். கொக்கிரகுளம் மாவட்ட அறிவியல் மையத்துக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 38 பேரைக் கூட்டிப்போக ஆசை. வேன் வாடகைதான் இடிக்கிறது.

போன லீவில் என் மகளோடு போயிருந்தேன். வளைந்த கண்ணாடி முன்னால் நின்று தன் குட்டைக் காலைப் பார்த்துச் சிரித்தவள், "ஏம்மா இப்படித் தெரியுது?" என்று கேட்டாள். நான் கரும்பலகையில் கதிர்ப்படம் வரைந்து ஒரு பிள்ளைகூட இப்படிக் கேட்டதில்லை!

மையத்தின் நடமாடும் கண்காட்சிப் பேருந்தை உங்கள் பள்ளிக்கு வரவழைத்தவர்கள் இருந்தால் சொல்லுங்களேன். கடிதம் தலைமையாசிரியர் கொடுத்தால் போதுமா? எத்தனை மாதம் முன்னாடி? எங்கள் தெரு குறுகல், வண்டி நிறுத்த எவ்வளவு இடம் வேண்டும்?