புதுப்பிப்பு: கபேஜ்ரவுன் வீடு, இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சுது

ரொறன்ரோ கபேஜ்ரவுனில விற்பனைக்கு வந்த விக்டோரியன் வீட்டை வாங்கலாமோ எண்டு போன கிழமை கேட்டிருந்தன். நேற்று இன்ஸ்பெக்டரோட போய்ப் பார்த்தம்.

1880களின் கட்டு. சிவப்புச் செங்கல், கூர்முகட்டுக்குக் கீழ முன்தள்ளின ஜன்னல். முகப்பில ஒரு குறையும் சொல்லேலாது. விஷயம் பேஸ்மென்ற்றிலதான். உத்தரங்களில வெள்ளைப் பீங்கான் குமிழ்கள், அதில பிடிச்சு இழுத்த துணி சுத்தின வயர். எர்த்தே இல்லை. இன்சூரன்ஸ்காரர் போனிலேயே "வயரிங் மாத்தினாத்தான் பொலிசி" எண்டிட்டினம்.

போன பதிவுக்குக் கீழ ஜன்னலையும் மாத்தச் சொன்ன தம்பிக்கு: அது பாரம்பரியப் பாதுகாப்பு வட்டாரம். தெருவில இருந்து தெரியிற மாற்றத்துக்கு நகரசபை அனுமதி வேணும். வீடு வாங்கேக்க கட்டுற காணி மாற்று வரியும் இஞ்ச இரண்டு தரம், மாகாணத்துக்கு ஒண்டு, நகரத்துக்கு ஒண்டு. அதை நான் கணக்கில சேர்க்கவே இல்லை!

அம்மாவுக்கு வயரைப் பற்றிக் கவலையில்லை. செயின்ற் ஜேம்ஸ் ரவுன் தமிழ்க்கடைக்கு நடந்தே போகலாம், அது போதும். ஐரிஷ்காரர் முன்முற்றத்தில கோவா (கபேஜ்) நட்டுத்தான் கபேஜ்ரவுன் எண்ட பேர் வந்ததாம்; அவ மிளகாய்க்கு இடம் பார்த்திட்டா.

வயரிங் செலவைக் கழிச்சு விலை சொல்லியிருக்கிறம். வியாழன் பதில் வரும்.