புது பிக்கப் 1,800 கிலோமீட்டர் ஓடியாச்சு, சத்தமும் மைலேஜும் இப்படித்தானா?

தக்காளி லோடு: டீசல் பிக்கப், பிஎஸ் 6, எடுத்து 5 வாரம் ஆச்சு. ஒட்டன்சத்திரத்துல தக்காளி ஏத்திக்கிட்டு பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியா பாலக்காடு போய்ட்டு காலியா திரும்பறேன். ஷோரூம்ல லிட்டருக்கு 14 கிலோமீட்டர் குடுக்கும்னாங்க, மீட்டர்ல 12.6 காட்டுது. அதக்கூட விடுங்க, காலியா 60 தாண்டினா பின்னாடி கடகடன்னு காது போகுது, லோடு இருந்தா அந்த சத்தமே இல்ல. போன வாரம் டீக்கடையில நிறுத்தினா ஐடில் தானா ஏறி ஃபேன் கத்துது, கருகின வாடை வேற, பயந்துபோய் ஆஃப் பண்ணிட்டேன்.

பழைய டிரைவர்: ஆஃப் பண்ணதுதான் தப்பு தம்பி. அது டிபிஎஃப், புகை போற லைன்ல இருக்கற ஃபில்டர், சேர்ந்த கரிய சூடாக்கி எரிக்குது, அந்த நேரத்துல டீசலும் கூட குடிக்கும். பாதிலயே நிறுத்திட்டே இருந்தா கரி அடைச்சுக்கும், அப்புறம் ஒர்க்‌ஷாப்தான். அடுத்த தடவ ஹைவேல 20 நிமிஷம் ஒரே சீரா ஓட்டு. காஞ்ச புல்லு மேல மட்டும் நிறுத்திடாத, கீழ அவ்ளோ சூடு.

கோவை லாரி: பின் கதவு கொக்கிய ஆட்டிப் பாருங்க ப்ரோ. நான் பழைய டியூப வெட்டி நடுவுல சொருகினேன், பாதி சத்தம் போச்சு. மீதி சத்தம் ஸ்பிரிங் பட்டை துள்றது, காலி வண்டின்னா அப்டித்தான். மைலேஜுக்கு மீட்டர நம்பாதீங்க, டேங்க் ஃபுல் பண்ணி ஓட்டிட்டு, திரும்ப ஃபுல் பண்ண எத்தன லிட்டர் போகுதுன்னு கணக்கு போடுங்க.

தக்காளி லோடு: போட்டேன்ணா. 412 கிலோமீட்டருக்கு 36 லிட்டர், 11.4தான் வருது. டியூப் சொருகினதுல பின்னாடி சத்தம் அடங்கிருச்சு, இப்ப டாஷ்போர்டு கீச்சுங்கறது நல்லா கேக்குது.