பழைய மைப்பேனா வாங்கி, சரிசெய்து, விற்பது: எங்கெல்லாம் கை சுடும்?

மசிக்கறை:

வணக்கம். மாதம் பத்துப் பதினைந்து பழைய பேனாக்களை வாங்கி, சரிசெய்து விற்கலாம் என்று திட்டம். மற்றவர்கள் அனுப்பும் பேனாக்களையும் கூலிக்குப் பழுது பார்க்க எண்ணம். கழுவுவது, நிப் இதழ்களை நேராக்குவது, லீவர் பேனாவுக்கு (பக்கத்து நெம்புகோலால் உள்ளிருக்கும் பையை அமுக்கி மை ஏற்றுவது) ரப்பர் பை மாற்றுவது வரை கை பழகியிருக்கிறது. பிஸ்டன், வேக்குமேட்டிக் (டயஃப்ரம் என்ற ரப்பர் சவ்வை அசைத்து மை உறிஞ்சுவது) எதையும் இதுவரை திறந்ததில்லை.

கேள்விகள்: எல்லா வகையும் எடுப்பதா, ஒன்றிரண்டோடு நிறுத்துவதா? கட்டாக வாங்கும்போது நேரில் என்னென்ன பார்க்க வேண்டும்? கூலியை எப்படிப் போடுவது?

கூடவே ஒரு சிக்கல். புதுப் பை போட்ட எஸ்டர்புரூக் ஜே லீவர் பேனா ஒன்று நன்றாகத்தான் எழுதுகிறது. மை கால்வாசிக்குக் குறைந்ததும் சொட்டுகிறது. தண்ணீரில் அமுக்கிப் பார்த்தாயிற்று, பையில் ஓட்டை இல்லை.

அவலரக்கு:

முதலில் அந்தச் சொட்டு. மை குறையக் குறையப் பையில் காற்று கூடும். கைச்சூட்டில் அது விரிந்து மையை வெளியே தள்ளும். பை போட்ட எல்லாப் பேனாவுக்கும் இந்தக் குணம் கொஞ்சம் உண்டு. சொட்டும் அளவுக்குப் போனால், நிப்புக்கும் ஃபீடுக்கும் (நிப்புக்கு அடியில் மையைக் கொண்டுவரும் தண்டு) நடுவே சந்து விழுந்திருக்கிறது, அல்லது நிப் யூனிட் கழுத்தில் (எழுதும்போது விரல் பிடிக்கும் பாகம்) முழுசாக உட்காரவில்லை. ஜே பேனாவில் யூனிட் திருகிக் கழற்றுவது என்பதால் சோதிப்பது சுலபம். மரையில் காய்ந்த மை இருந்தால் கழுவிவிட்டு விரலால் மட்டும் இறுக்குங்கள், குறடு வேண்டாம். பிறகும் சொட்டினால், ஒழுங்காக எழுதும் இன்னொரு எஸ்டர்புரூக்கின் யூனிட்டை இதில் போடுங்கள். நின்றுவிட்டால் குற்றம் யூனிட்டில். நிற்காவிட்டால் கழுத்தில் மயிரிழை விரிசலைத் தேடுங்கள்.

என்ன எண் பை போட்டீர்கள்? ஜே அளவுக்கு 16. இந்த எண் அங்குலத்தை 64 பங்காக்கி எடுத்த விட்டம்; 16 என்றால் கால் அங்குலம், 6.35 மி.மீ. சின்னப் பை போட்டால் மை கொஞ்சமாகத்தான் ஏறும், காற்றின் பங்கு சீக்கிரமே கூடிவிடும். பெரிய பை போட்டால் உள்ளே ஜே பாரோடு (லீவருக்கு அடியில் பையை அமுக்கும் உலோகப் பட்டை) உரசி முறுக்கிக்கொள்ளும். பை போட்ட கழுத்தைச் செருகும்போது ஒரு இடத்திலாவது தடுத்தால் அந்த எண் பெரிசு.

நீளம் வெட்டுவதில்தான் பலருக்கும் தவறுகிறது. கழுத்தைக் குழலுக்கு வெளியே பக்கத்தில் வைத்து, பை குழலின் அடியைத் தொடுவதற்கு 3, 4 மி.மீ. முன்னாலேயே முடியும்படி வெட்டுங்கள். ஒட்டுவதற்கு அரக்கு மட்டும்தான், அதாவது அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்தது. கழுத்தின் பின் முளையில் பழைய ரப்பர் துளிகூட இல்லாமல் சுரண்டிவிட்டு, ஒரு மெல்லிய வளையமாகப் பூசிப் பையை ஏற்றுங்கள். ராத்திரி முழுக்கக் காயட்டும். சூப்பர் குளூ போட்டால் அடுத்து திறப்பவர் முளையை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். பைமேல் வாசனை சேராத டால்க் தூவுங்கள், முகப்பவுடர் ஆகாது. வாசலின் பக்கமே போகாதீர்கள், லேடெக்ஸை ஊறவைத்துக் கூழாக்கிவிடும்.

வகை விஷயத்தில் என் கருத்து: முதல் ஆறு மாதம் லீவர் பேனா மட்டும். பை, ஜே பார், அரக்கு, டால்க் இந்த நாலைக் கையிருப்பில் வைத்தால் பத்தில் எட்டு வேலை முடியும். இரண்டாவதாக பார்க்கர் 51 ஏரோமெட்ரிக் (பையை விரலால் அமுக்கி மை ஏற்றும் வகை) சேர்த்துக்கொள்ளலாம். 1948-லிருந்து வந்த அந்த வகையின் பி.வி.சி. பை பெரும்பாலும் இன்றும் உயிரோடு இருக்கும், வெறுமனே கழுவினாலே போதும்.

கற்பூரவாசம்:

மேலே சொன்னது சரி. ஆனால் வகைக்கு முன்னால் பொருளைக் கற்றுக்கொள்ளுங்கள். பேனா எதனால் ஆனது என்று தெரியாமல் சூடு காட்டுவதும் தண்ணீரில் ஊறவைப்பதும்தான் இந்தத் தொழிலில் அதிகப் பேனாக்களைக் கொல்கிறது.

கட்டைவிரலால் குழலைச் சூடேற அழுத்தித் தேய்த்து முகர்ந்து பாருங்கள். கற்பூர வாசம் வந்தால் செல்லுலாய்டு. கந்தக நெடி வந்தால் எபனைட், அதாவது கெட்டி ரப்பர்.

செல்லுலாய்டு தீப்பிடிக்கும் பொருள், சும்மா எரியாது, சீறிக்கொண்டு எரியும். ஹீட் கன்னை விட ஹேர் டிரையர் பாதுகாப்பு. பேனாவைச் சுழற்றிக்கொண்டே 20, 30 விநாடி காட்டி, எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். கன்னம் பொறுக்கவில்லை என்றால் ஏற்கெனவே அதிகம். 70 டிகிரி செல்சியஸ் நெருங்கினாலே இளகி வடிவம் மாறும். கழுத்து அசையவில்லை என்றால் சூட்டைக் கூட்டாதீர்கள், தடவையைக் கூட்டுங்கள். ஐந்தாறு முறை சூடாக்கி ஆறவிட்டால் பழைய பிடிப்பு தானே விடும். ரப்பர் துண்டால் பிடித்து, பக்கவாட்டில் வளைக்காமல், திருகியபடியே இழுங்கள். வளைத்தால் குழல் வாய் பிளக்கும். லீவர் பேனாக்களில் பெரும்பாலும் கழுத்து அழுத்திச் செருகியதுதான், ஆனால் மரை உள்ளவையும் உண்டு. திருகத் திருக இடைவெளி சீராக விரிந்தால் அது மரை, இழுக்காமல் திருகியே கழற்றுங்கள்; விரியாவிட்டால் மட்டும் இழுங்கள். ஆல்கஹாலும் அசிட்டோனும் செல்லுலாய்டில் படவே கூடாது.

எபனைட்டுக்குச் சூடு பரவாயில்லை, தண்ணீர்தான் எதிரி. ஒரு இரவு ஊறவைத்தால் கருப்பு பழுப்பாகி வெளிறும். வெளிச்சத்தில் கிடந்து ஏற்கெனவே பழுத்த எபனைட்டில் இது இன்னும் வேகம். கழுத்தை மட்டும் நனையும்படி கழுவி உடனே துடைத்துவிடுங்கள்.

கேசின் என்றொரு ரகம் இருக்கிறது, பாலிலிருந்து எடுத்த பிளாஸ்டிக். கான்வே ஸ்டூவர்ட்டின் பழைய வண்ணப் பேனாக்களில் வரும். தண்ணீரில் போட்டால் ஊதி, காய்ந்ததும் மேலெல்லாம் வெடிப்பு. அதற்கு ஈரத்துணி மட்டும்தான்.

கழுவும் நீர்: வீட்டு அமோனியா ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு, பாத்திர சோப்பு ஒரு சொட்டு. நிப், ஃபீடுக்குப் பதினைந்து நிமிடம், பிறகு வெறும் தண்ணீரில் அலசுங்கள். அலுமினியம், பித்தளைப் பாகங்களை இதில் ஊறப்போடாதீர்கள்.

இருப்பில் வைக்கும்போது ஒன்று. செல்லுலாய்டு பேனா ஒன்றில் உள்ளே நுணுக்கமான வெடிப்புக் கட்டங்களும், புளித்த நெடியும், கிளிப்பில் பச்சைத் துருவும் சேர்ந்து தெரிந்தால் அது சிதையத் தொடங்கிவிட்டது. அதிலிருந்து வரும் அமில வாயு பக்கத்துப் பேனாவையும் கெடுக்கும். தனியாக, காற்றோட்டமாக வையுங்கள். மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் எல்லாவற்றையும் சேர்த்து அடைப்பது பெரிய தவறு.

பத்துமடங்கு:

51 ஏரோமெட்ரிக் "கழுவினாலே போதும்" என்பதில் பாதிதான் சம்மதம். கழுவியும் மை வரத்து சரியாகாத பேனாவில் மேல்மூடு (நிப்பை மூடியிருக்கும் முன்பாகம்) திறக்க வேண்டும். அது அரக்கு போட்டு இறுக்கிய மரை. அதன் லூசைட் பிளாஸ்டிக் ஓரளவு சூடு தாங்கும் என்ற தைரியத்தில் அதிகம் காட்டினால் நுனி வளைந்துவிடும், பிறகு எடுபடாது. உள்ளே கலெக்டரின் (மிகுதி மையைத் தேக்கும் பாகம்) மெல்லிய தகடுகளுக்கு நடுவே மை பிசினாக இருக்கும். டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் தகடு உடையும், ஊறவைத்து அலசுங்கள். திரும்பப் பூட்டும்போது நிப் மேல்மூட்டின் கூர்முனைக்கு நேர் நடுவில் நிற்க வேண்டும். கால் மி.மீ. விலகினாலும் படத்தில் பளிச்சென்று தெரியும், வாங்குகிறவர் கேட்பார்.

51 ஏரோமெட்ரிக் என்று சொல்லி 51 வேக்குமேட்டிக்கை விற்பதும் நடக்கும், ஏமாற்றும் எண்ணம் இல்லாமலே. 1941-லிருந்து 1948 வரை வந்தது அந்த வகை. குழலின் அடியில் தனியாகக் கழலும் சின்ன மூடி இருந்தால் வேக்குமேட்டிக். அதற்கு ஃபில்லரின் மரையைப் பிடிக்கும் தனிச் சாவி, சரியான அளவு டயஃப்ரம், பெல்லட்டை (டயஃப்ரத்தின் நுனியிலுள்ள சின்ன உருண்டை) அதன் குழிக்குள் தள்ளும் பொறுமை எல்லாம் வேண்டும். சாதாரணக் குறடால் பிடித்தால் மரை போய்விடும். டயஃப்ரம் மாற்றியும் ஒழுகுகிறது என்றால், பத்துக்கு ஒன்பது முறை குழலின் உள் விளிம்பில் பழைய ரப்பர் படலம் ஒட்டியிருக்கும், புது ரப்பர் உட்கார இடமில்லை. முதல் வருடம் இதை விலைக்கு வாங்காதீர்கள். கூலிக்கும் எடுக்காதீர்கள். கார்க் போட்ட பெலிக்கான் 100, பல பாகமுள்ள ஷீஃபர் ஸ்நார்க்கல் இரண்டுக்கும் அதே பேச்சு.

கட்டாக வாங்கும்போது பத்து மடங்கு லென்ஸ், கைவிளக்கு, ஒரு துண்டு வெள்ளைத்தாள் போதும். முதலில் நிப். முனையில் வெள்ளை உலோகக் குண்டு இரண்டு இதழிலும் இருக்கிறதா, ஒரு பக்கம் தேய்ந்து சரிந்திருக்கிறதா? நடுத்துளையிலிருந்து ஓரத்தை நோக்கி விரிசல் ஓடுகிறதா? ஓடினால் அந்த நிப் லேசர் வெல்டிங் இல்லாமல் தேறாது, உதிரி விலைக்கு மட்டும் கேளுங்கள். அடுத்து மூடியின் வாய்: விளக்கை உள்ளே விட்டுச் சுற்றினால் மயிரிழை விரிசல் கோடாக ஒளிரும். லீவர் துளையின் நான்கு மூலைகளையும் பாருங்கள்.

பச்சை, முத்துநிறம் போன்ற வெளிர் செல்லுலாய்டில் மூடியின் நிறத்தையும் குழலின் நிறத்தையும் ஒட்டி வைத்துப் பாருங்கள். மூடி பச்சையாக இருக்க, குழல் மட்டும் பழுப்பேறியிருந்தால் அது உள்ளிருந்த ரப்பர் பையின் கந்தக வாயு வேலை. அது பாலிஷில் போகாது. அதே காரணத்துக்காக வெளிர்நிறப் பேனாவுக்கு லேடெக்ஸ் போடாமல் பி.வி.சி. பை போடுவது நல்லது.

கடைசியாக, ஒட்டுப்போட்ட பேனா. குழல் ஒன்று, மூடி வேறொன்று, நிப் மூன்றாவது. ஷீஃபரின் மூடியில் வெள்ளைப்புள்ளி இருந்து உள்ளே மலிவு எஃகு நிப் இருந்தால் யாரோ மாற்றியிருக்கலாம். தங்க நிப்பை உருவி விற்றுவிட்டு வேறு செருகுவது சகஜம்.

மசிக்கறை:

நன்றி. பை 16-தான். யூனிட்டை மாற்றிப் பார்த்தேன், சொட்டு நின்றுவிட்டது. கழற்றிய யூனிட்டை என்ன செய்வது? கூலி பற்றி யாரும் தொடவில்லையே.

இருபத்தேழு_மணி:

கூலிக்கு முன் நேரத்தைக் குறியுங்கள். ஒவ்வொரு பேனாவுக்கும் ஒரு சீட்டு: வாங்கிய விலை, போட்ட உதிரிகள், திறக்க எத்தனை நிமிடம், நிப்புக்கு எத்தனை நிமிடம், படம் எடுத்து எழுதிப் பார்சல் கட்ட எத்தனை நிமிடம். புதிதாக வருபவர்கள் கடைசி வரியை விட்டுவிடுகிறார்கள். பை மாற்றுவதைவிட அதற்குத்தான் அதிக நேரம் போகும். வேலையைத் தொகுப்பாகச் செய்யுங்கள்: ஒரு நாள் எட்டுப் பேனாவைத் திறப்பது, மறுநாள் எட்டுக்கும் பை, அரக்கு காய்ந்தபின் எட்டுக்கும் மை. ஒவ்வொன்றாகச் செய்தால் ஒவ்வொரு முறையும் மேசையைத் துடைத்தே நேரம் போகும்.

விற்பனைக் கணக்கில் நான் சொல்வது கொஞ்சம் கறார். எதிர்பார்க்கும் விற்பனை விலையை 100 என்று வைத்தால் வாங்கும் விலை 40-ஐத் தாண்டக் கூடாது. மிச்சம் 60-ல் உதிரி, நேரம், விற்பனைத் தளத்தின் கழிவு, தபால், திரும்பி வரும் பேனா எல்லாம் அடங்க வேண்டும். ஒரு கட்டாக இருபது பேனா வந்தால் ஆறேழு உதிரிக்குத்தான் ஆகும் என்று வைத்தே விலை பேசுங்கள்.

பழுதுக் கூலியில் வகைக்கு ஒரே விலை போடுங்கள். மணிக்கணக்கு போட்டால் அடம்பிடிக்கும் கழுத்துக்கு ஏன் இவ்வளவு என்று வாதம் வரும். நிப் வேலை தனி, பை வேலை தனி. பேனா வந்ததும் திறப்பதற்கு முன் ஆறு படம்: முழு நீளம், மூடி வாய், குழல் வாய், லீவர், நிப்பின் மேல்பக்கம், கீழ்ப்பக்கம். ஏற்கெனவே இருந்த விரிசலை அன்றே எழுதி அனுப்புங்கள். சூட்டில் பழைய பொருள் உடையக்கூடும் என்பதற்கு எழுத்தில் சம்மதம் வாங்காமல் டிரையரைக் கையில் எடுக்காதீர்கள். மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கொடுங்கள், கேட்காவிட்டாலும்.

விளம்பரத்தில் "புதுசு மாதிரி" என்ற சொல்லே வேண்டாம். மூடியோடு நீளம் மி.மீ.-ல், நிப் கோட்டின் தடிமன், பல் தடம், முலாம் தேய்ந்த இடம், பொறித்த பெயர், எந்தப் பை, எந்த மாதம் போட்டது என்று எழுதுங்கள். மறுபடி முலாம் பூசியதையும் கருப்பேற்றியதையும் மறைக்காதீர்கள். "ஃபிளெக்ஸ்" (அழுத்தினால் கோடு விரியும் நிப்) என்று எழுதினால் வாங்குகிறவர் அமுக்கி இதழைப் பிளந்துவிட்டு உங்களிடம் அனுப்புவார். மெதுவாக அழுத்தினால் 0.4-லிருந்து 1 மி.மீ. வரை என்பதுபோல் அளவைப் போட்டு, எழுதிய தாளின் படத்தையும் சேருங்கள். விற்பனைக்கு வைக்கும் முன் மை நிரப்பி ஒரு நாள் நிப் மேல்நோக்கி, ஒரு நாள் கீழ்நோக்கி வையுங்கள். அனுப்பும்போது மை காலியாக, கெட்டிக் குழாய்க்குள்.

அவலரக்கு:

அந்த யூனிட்டை மேலே சொன்ன அமோனியா நீரில் பதினைந்து நிமிடம் போட்டு அலசி, காயவைத்து, லென்ஸில் பக்கவாட்டில் பாருங்கள். நிப்புக்கும் ஃபீடுக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா? பழைய மைக்கட்டி நிப்பைத் தூக்கி நிறுத்தியிருக்கலாம், ஊறினாலே போய்விடும். ஊறியபின்னும் வெளிச்சம் தெரிந்தால் நிப் வளைந்திருக்கிறது; கட்டைவிரல் நகத்தால் நிப்பின் முதுகை ஃபீட் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி, ஒவ்வொரு அழுத்தலுக்கும் லென்ஸில் பாருங்கள். பிளவு முனையில் மூடிக்கொண்டால் 0.05 மி.மீ. பித்தளைத் தகடை ஒருமுறை உருவுங்கள். கொதிநீரில் முக்கி ஃபீடை அழுத்தும் வித்தை எபனைட் ஃபீடுக்கு மட்டும். இந்த யூனிட்டின் ஃபீட் எது என்று உறுதியாகத் தெரியாமல் செய்யாதீர்கள்.